யாரும் கேட்காத ஆல்பம் மேல் ஏன் இத்தனை பிரியம்?

உங்கள் கேள்வி இதுதான்: உயிராக நினைக்கும் ஓர் ஆல்பத்தைப் பத்துப் பேருக்காவது போட்டுக் காட்டிவிட்டீர்கள், ஒருவருக்கும் பிடிக்கவில்லை. கோளாறு உங்கள் காதிலா, அவர்கள் காதிலா, இல்லை அந்த ஆல்பத்திலேயேவா? எனக்கும் அப்படி ஓர் ஆல்பம் உண்டா என்று சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆல்பத்தின் பெயரை மட்டும் சொல்லவில்லை. காரணம் புரிகிறது. பத்து முறை உதட்டைப் பிதுக்கக் கண்ட பிறகு பதினோராவது ஆளிடம் பெயரைச் சொல்ல மனம் வராது.

எனக்கு உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன். இந்த விஷயத்தைப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் கையில் ஒன்றும் தங்காது.

1990-களின் நடுவில் லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், ஒரு 90 நிமிடக் கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏ பக்கத்தில் டாக் டாக் என்ற ஆங்கிலக் குழுவின் பிரபலமான பாட்டுகள். பி பக்கத்தில் குழுவின் பெயரைத் தவிர எதுவும் எழுதவில்லை. ஏ பக்கத்தைத் தேயத் தேயக் கேட்டேன். 'இட்ஸ் மை லைஃப்' மாதிரி சிந்தசைசரும் துள்ளலுமான பாட்டுகள், பாடுகிறவர் குரலில் மட்டும் ஏதோ ஒரு துக்கம். ஒரு நாள் பி பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். எங்கோ தொலைவில் ஒரு ட்ரம்பெட். அடியில் ஏதோ முனகல். அப்புறம் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. டேப் ஹெட்டில் அழுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே முனகல். சத்தத்தை முழுக்க ஏற்றி, காதைக் கிட்டே கொண்டுபோனேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கிட்டாரும் அதன் பின்னால் டிரம்ஸும் வந்து விழ, பக்கத்து அறையிலிருந்து அம்மா "என்னடா அது, வீடே அதிருது" என்று குரல் கொடுத்தார்.

அதுதான் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்'. 1988 செப்டம்பரில் வந்தது. ஆறே பாட்டு, 41 நிமிடம். முதல் மூன்று பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து நிற்காமல் ஓடும். எனக்கு உடனே பிடித்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். நான்கைந்து முறை அரைகுறையாகக் கேட்டு நிறுத்தியிருக்கிறேன். பிடிபட்டது ஒரு மின்வெட்டு இரவில். தெருவே இருட்டு, மின்விசிறிச் சத்தம்கூட இல்லை, டேப் ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது. அன்றைக்குத்தான் அந்த முனகலுக்குள் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று காதுக்குத் தெரிந்தது. முதல் பாட்டு 'தி ரெயின்போ'வில் கரகரவென்று கிழிக்கும் அந்தச் சத்தத்தை அதுவரை மின் கிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். அது மார்க் ஃபெல்தம் வாசித்த மவுத் ஆர்கன். ஒலிபெருக்கி திணறும் அளவுக்கு ஏற்றிப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாவில் வாங்குகிற அதே வாத்தியம்தான்.

பல வருடங்கள் கழித்துத்தான் அந்த ஆல்பம் உருவான கதையைப் படித்தேன். லண்டனில் வெசெக்ஸ் என்ற ஸ்டுடியோ, பழைய தேவாலயக் கூடம் ஒன்றை மாற்றிக் கட்டியது. 1987-ல் தொடங்கி மாதக்கணக்கில் அங்கே பதிவு நடந்திருக்கிறது. ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுன். விளக்குகளை அணைத்துவிட்டு, எண்ணெய்ப் படலம் அசையும் ஒரு ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் வேலை செய்தார்களாம். அதைப் படித்தபோது என் மின்வெட்டு இரவுதான் நினைவுக்கு வந்தது. இருட்டில் செய்த இசையை இருட்டில் கேட்டபோதுதான் எனக்குத் திறந்திருக்கிறது.

பாடகர் மார்க் ஹாலிஸும், அவரோடு சேர்ந்து எழுதித் தயாரித்த டிம் ஃப்ரீஸ்-கிரீனும் வேலை செய்த விதம் விசித்திரமானது. விருந்தாளிக் கலைஞர்களை அழைத்து, இன்ன ஸ்வரம் வாசியுங்கள் என்று எதுவும் சொல்லாமல், அந்த இருட்டில் தோன்றியதை மணிக்கணக்கில் வாசிக்கச் சொல்வார்கள். வயலினுக்கு நைஜல் கென்னடி, டபுள் பேஸுக்கு டேனி தாம்சன், ட்ரம்பெட்டுக்கு ஹென்றி லோதர் என்று வந்தவர்கள் யாரும் சாமானியர்கள் இல்லை. வாசித்து முடித்துப் போன பின், அந்த மணிக்கணக்கான நாடாவிலிருந்து சில நொடிகளைப் பொறுக்கி எடுத்து, பாட்டில் எங்கே பொருந்துமோ அங்கே வைப்பார்கள். மற்றதெல்லாம் குப்பைக்கு. கேட்கும்போது எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாசிப்பதுபோல இருக்கும். உண்மையில் பலர் ஒருவரை ஒருவர் பார்த்தேகூட இருக்க மாட்டார்கள். எனக்கு இந்த ஆல்பத்தின் மேல் இருக்கும் வியப்பில் பாதி இதற்காகத்தான். இத்தனை பொறுக்கியும் ஒட்டியும் செய்த ஒன்று இவ்வளவு இயல்பாக மூச்சு விடுவது எப்படி?

மௌனமும் அங்கே ஒரு வாத்தியம். இரண்டு ஸ்வரத்தைவிட ஒன்று மேல், ஒன்றைவிட மௌனம் மேல் என்ற பொருளில் ஹாலிஸ் சொல்லியிருக்கிறார். பேட்டிக்காகச் சொன்ன அலங்காரமாக எனக்குப் படவில்லை. 'டிசையர்' என்ற மூன்றாவது பாட்டைக் கேளுங்கள். ஆர்கன் அடங்கி ஒலிக்க, ஹாலிஸ் தனக்குத்தானே பேசுவதுபோல முணுமுணுப்பார். திடீரென்று அத்தனையும் வெடிக்கும். மறுபடி அடங்கும். அந்த அமைதி அவ்வளவு நீளமாக இல்லாவிட்டால் வெடிப்புக்கு அந்தப் பலம் வராது.

சரி, இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் விலைபோகவில்லை? இங்கேதான் உங்கள் கேள்விக்கான பதிலும் இருக்கிறது.

இதற்கு முந்தைய ஆல்பம், 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் ஸ்பிரிங்', ஐரோப்பா முழுக்கப் பெரிய வெற்றி. அந்த வெற்றி கொடுத்த நம்பிக்கையில்தான் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனம் தாராளமாகப் பணத்தையும் நேரத்தையும் கொடுத்தது. நிறுவனம் எதிர்பார்த்தது அதே மாதிரி இன்னொன்று. கைக்கு வந்தது, வானொலியில் போட ஒரு பாட்டுகூடத் தேறாத 41 நிமிடம். போதாததற்கு, இதை மேடையில் வாசிக்க முடியாது, சுற்றுப்பயணமும் போக மாட்டேன் என்றார் ஹாலிஸ். 'ஐ பிலீவ் இன் யூ' பாட்டைச் சுருக்கி சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, வெளியிட்டார்கள், எடுபடவில்லை. ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம் வரை போய்விட்டு இறங்கியது. அதன் பிறகு ஒப்பந்தம் தொடர்பாக நிறுவனத்துக்கும் குழுவுக்கும் வழக்கு, மேல்முறையீட்டில் குழு பக்கம் தீர்ப்பு. 1990-ல் அதே நிறுவனம் பழைய பாட்டுகளைத் தொகுத்து 'நேச்சுரல் ஹிஸ்டரி' என்று வெளியிட்டபோது அது 3-ஆம் இடத்துக்குப் போனது. மக்களுக்கு இந்தக் குழுவைப் பிடிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் விரும்பிய குழு 1988-ல் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டது, அவ்வளவுதான்.

ஆக, கேட்பாரற்றுப் போன ஆல்பங்களில் இரண்டு வகை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, இசைக்கு வெளியே ஏதோ நடந்து விழுந்தது. இன்னொன்று, இசையே கேட்பவரிடம் நேரம் கேட்பது. 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' இரண்டிலும் மாட்டிக்கொண்டது.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் தி ஸோம்பீஸ் என்ற ஆங்கிலக் குழுவின் 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்'. 1967-ல் பெரும்பாலும் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். கையில் இருந்த பணம் வெறும் ஆயிரம் பவுண்ட். மோனோவில் முடித்துக் கொடுத்தால் நிறுவனம் ஸ்டீரியோவும் வேண்டும் என்றது. அதற்கான செலவைக் குழுவின் ராட் அர்ஜென்டும் கிறிஸ் வைட்டும் சொந்தப் பணத்தில் போட்டார்கள். அட்டை வரைந்தவர் ஒடிஸி என்ற சொல்லைத் தப்பான எழுத்துகளில் எழுதிவிட, அதுவே நிலைத்துவிட்டது. 1968 ஏப்ரலில் ஆல்பம் வெளிவந்தபோது குழு கலைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அதிலிருந்த 'டைம் ஆஃப் தி சீஸன்' 1969 தொடக்கத்தில் அமெரிக்காவில் 3-ஆம் இடத்துக்கு ஏறியபோது மேடை ஏறிப் பாடக் குழுவே இல்லை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு போலிக் குழுக்கள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பாடின. கேட்டுப் பாருங்கள், இது கேட்டவுடன் பிடிக்கிற இசை. மெட்டுகள் அவ்வளவு தித்திப்பு. இது தூங்கியதற்குக் காது காரணமே இல்லை. நேரம் தப்பிவிட்டது.

ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக் கதை இன்னும் வருத்தமானது. உயிரோடு இருந்தபோது மூன்றே ஆல்பம், 1969-லிருந்து 1972-க்குள். எதுவும் ஐந்தாயிரம் பிரதியைத் தாண்டவில்லை. மேடையில் ஏறவே கூசுகிற மனிதர், பேட்டி கொடுப்பதும் அபூர்வம். வளர்ந்த பிறகு அவர் அசைந்து நடக்கும் படச்சுருள் ஒன்றுகூடக் கிடையாது. கடைசி ஆல்பம் 'பிங்க் மூன்' 28 நிமிடம்தான். 1971 அக்டோபரில் இரண்டே இரவுகளில், ஒலிப்பதிவாளர் ஜான் வுட் மட்டும் உடனிருக்க, கிட்டாரும் குரலுமாகப் பாடி முடித்தார். தலைப்புப் பாட்டில் மட்டும் ஒரு துளி பியானோ. 1974 நவம்பரில், 26 வயதில் இறந்துபோனார். 1999 இறுதியில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றில் அந்தத் தலைப்புப் பாட்டு வர, கால் நூற்றாண்டு தூங்கிய ஆல்பத்தின் விற்பனை பல மடங்கு ஏறியது. கார் விற்கவா அந்தப் பாட்டு என்று சில ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு மகிழ்ச்சிதான். அத்தனை வருடமும் அந்த இசைத்தட்டு பட்டியலிலிருந்து நீக்கப்படாமல் இருந்ததற்கே ஒரு மனிதர்தான் காரணம். டிரேக்கின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்த ஜோ பாய்ட் தன் நிறுவனத்தை விற்றபோது, டிரேக்கின் தட்டுகளை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டாராம். யாரும் வாங்காத தட்டுக்கு அப்படி ஒரு நிபந்தனை போட ஒருவருக்குத் தோன்றியதே, அதை நினைத்தால் இன்றும் மனசு நெகிழ்கிறது.

உங்கள் நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் காதில் குறை சொல்லாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் இசையைப் பாட்டு பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள். இலங்கை வானொலியானாலும் விவித பாரதியானாலும் ஒரு படத்திலிருந்து ஒரு பாட்டு, அடுத்தது வேறு படம். ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்து கேசட் பதிவு செய்தபோதும் பிடித்த பாட்டுகளைத்தான் பொறுக்கினோம். ஐந்து நிமிடத்துக்குள் பல்லவி, சரணம், இடையிசை எல்லாம் முடிந்துவிடும் கலையில் நம் ஆட்கள் செய்திருப்பதற்கு உலகில் ஈடு குறைவு, அந்தப் பழக்கத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் 41 நிமிடத்தை ஒரே பொருளாகக் கேட்பது வேறு பழக்கம். அது வராதவருக்கு நடுவில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினால், நாவலின் நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கொடுத்த மாதிரிதான்.

நம்மிடமும் அப்படி ஒன்று இல்லாமல் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. ஜெர்மானிய இசைமேதை பாகுக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கியது, வயலின் வி. எஸ். நரசிம்மன். ராஜா ரசிகர்கள் எல்லோருக்கும் பெயர் தெரியும். பாலு மகேந்திரா தன் 'வீடு' படத்துக்கு இந்த ஆல்பத்தின் இசையைத்தான் பின்னணியாகப் பயன்படுத்தியிருப்பார் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் ராஜாவுடைய நூறு பாட்டை வரிக்கு வரி பாடுகிறவர்களிடம் இதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்டதுண்டா என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் இரண்டு மூன்று பேர் தேறுவார்கள். பாகின் தனி வயலின் துண்டு ஒன்று அப்படியே ஓட, அதன் கீழே ராஜா தன் தந்தி வாத்தியங்களை விரிக்கும் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' தனியாகக் கேட்டால் ஒரு வித்தை மாதிரி இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் வருபவற்றோடு சேர்த்துக் கேட்டால் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது காதில் விழும். உங்கள் நண்பர்கள் முழு ஆல்பம் கேட்டே பழகாதவர்கள் என்றால், தெரிந்த கை வேலை என்பதால் இதிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது என்பதற்காகவே ஓர் ஆல்பத்தைக் கட்டிக்கொண்டு அலைவதும் உண்டு. இருபது வயதில் நானும் அப்படித்தான் இருந்தேன். பழைய தட்டுக் கடைகளில் தேடித் தேடி வாங்கியவற்றில் முக்கால்வாசியை இன்று கேட்க முடியவில்லை. மறக்கப்பட்டது நியாயம்தான் என்று தோன்றுகிறது. இதற்கு எனக்கு ஒரே சோதனைதான் தெரியும். அந்த ஆல்பத்தில் உங்களைப் பிடித்து நிறுத்தும் இடம் எது என்று நிமிடக் கணக்காகச் சொல்ல முடிகிறதா? 'ஐ பிலீவ் இன் யூ' பாட்டில் குழுவின் டிரம்மர் லீ ஹாரிஸ் ஒரே தாளத்தை அசையாமல் வாசித்துக்கொண்டே போவார், அது ஹெராயின் போதையைப் பற்றிய பாட்டு. அழிவைப் பற்றிய வரிகளுக்குப் பின்னால் செம்ஸ்ஃபோர்ட் பேராலயத்தின் சிறுவர் பாடகர் குழு மேகம்போல எழும்பும். டிரம்ஸ் மட்டும் மாறாது, நடந்துகொண்டே இருக்கும். அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. ஊரே அதைக் கேட்கத் தொடங்கினாலும் அது அடைக்கத்தான் செய்யும். உங்கள் ஆல்பத்தில் அப்படி ஓரிடத்தை உங்களால் காட்ட முடிந்தால், உங்கள் ரசனையில் கோளாறு இல்லை.

அடுத்தவருக்குப் போட்டுக் காட்டுவது பற்றி என் அனுபவத்தில் இரண்டு வார்த்தை. உட்கார வைத்து முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பரீட்சை எழுதும் மனநிலையில் யாருக்கும் எதுவும் பிடிக்காது. நான் இப்போது செய்வது, ஆளைப் பார்த்து ஒரே ஒரு பாட்டை மட்டும் கொடுப்பது, அதுவும் ராத்திரிப் பயணத்துக்கு முன்னால். 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' என்றால் அந்த ஆறு நிமிடச் சொச்ச 'ஐ பிலீவ் இன் யூ'தான். முழு ஆல்பத்தையும் கேள் என்று சொல்ல மாட்டேன். பிடித்திருந்தால் அவர்களே கேட்பார்கள். இருபது வருடத்தில் நான்கு பேர் கேட்டார்கள். அதில் ஒருவர் என் மனைவி, அவருக்குக் கடைசிப் பாட்டான 'வெல்த்' தான் பிடிக்கும், அந்த ஆர்கன் மெல்ல மெல்லத் தேய்ந்து முடிவதற்காக. எனக்கு அது எட்டாமல் இருந்த பாட்டு, அவர் சொல்லித்தான் கேட்கத் தெரிந்துகொண்டேன்.

டாக் டாக் 1991-ல் 'லாஃபிங் ஸ்டாக்' என்ற இன்னும் அடர்த்தியான ஓர் ஆல்பத்தை வேறு நிறுவனத்தில் கொடுத்துவிட்டுக் கலைந்தது. ஹாலிஸ் 1998-ல் தன் பெயரிலேயே ஒரே ஒரு தனி ஆல்பம் செய்தார், அப்புறம் இசையுலகை விட்டே ஒதுங்கிவிட்டார். 2019 பிப்ரவரியில் 64 வயதில் இறந்தார். அந்தச் செய்தி வந்த அன்று அண்ணன் லண்டனிலிருந்து அழைத்தார். பல மாதமாகப் பேசியிருக்கவில்லை. "அந்தக் கேசட்டுல பி பக்கம் ஏன் ஆல்பம் பேரைக்கூட எழுதாம கொடுத்தீங்க?" என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "பேரைப் பார்த்துட்டு நீ முன்னாடியே ஒரு முடிவுக்கு வந்துடக் கூடாதுன்னுதான்" என்றார்.

நீங்களும் அதே காரணத்துக்காகப் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால் சரிதான். ஆனால் எனக்குச் சொல்லுங்கள். இந்த வாரத்தில் ஓர் இரவு ஒதுக்கி, விளக்கை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து கேட்கிறேன். உங்களை நிறுத்திய அந்த இடம் எத்தனையாவது நிமிடம் என்பதையும் எழுதுங்கள். கேட்டு முடித்த பிறகுதான் அதைப் படிப்பேன்.